முதுகு தேய்க்க ஒரு ஆள்

மினோரியா? தெரியுமாவா! இந்தப் பொம்பளைங்க ஹோட்டல்ல ரூமு ஏது, சுவத்துல அடுக்கின பொந்துங்கதான்; அவ தலைக்கு மேல இருக்கற பொந்துலதாம்மா நான் படுக்கறேன். அவ புரண்டு படுத்தா என் பலகை ஆடும். நீங்க சரியான ஆளுகிட்டதான் வந்து கேட்டிருக்கீங்க. அழாதீங்க, முதல்ல மூக்கச் சிந்துங்க. ஐயய்யோ, அந்தத் துண்டத் தண்ணிக்குள்ள விட்றாதீங்க! தலையில வெச்சுக்குங்க. இங்க தொட்டியில துண்டு பட்டுச்சுன்னா செத்த எலி விழுந்த மாதிரி மூஞ்சியச் சுளிப்பாளுங்க. உங்க வகாயாமா ஊர்லயும் அப்படித்தானே? பதட்டத்துல மறந்துட்டீங்க, பாவம்.

அப்ப நீங்கதான் மாமியார். தொமிகோ அம்மா. ம், உங்களப் பத்திச் சொல்லியிருக்கா. நல்லதாத்தான், நல்லதாத்தான். ஆரஞ்சுத் தோட்டம் இருக்கு, பெரிய வீடு, ஒரே பையன்னு. பையன் பேரு கோஹேதானே? எங்க, வெளியவா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியிலயா? காலையில இருந்தா? அடடா, என்ன பாசம். மழையில கண்ணாடிய ஏத்திக்கிட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கானா. உள்ள வர முடியலன்னு கடுப்பா இருப்பானே? என்ன பண்றது, ஆம்பள காலு இந்த வாசப்படிக்கு இந்தப் பக்கம் படக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு. குழாய் ரிப்பேருக்கு வர்றவனக்கூட மணியடிச்சுகிட்டேதான் கூட்டிட்டு வருவாங்க. அதான் உங்கள அனுப்பியிருக்கான். புத்திசாலிப் பையன்.

கவுண்டர்ல கேட்டீங்களா? அந்தக் கனாயே சொல்லியிருக்க மாட்டாளே. தங்கியிருக்கறவங்க பேரச் சொல்றதில்லைங்கன்னு குனிஞ்சு குனிஞ்சு கும்பிடு போட்டிருப்பா. அவகிட்ட எங்க அம்மா செத்துட்டாங்கன்னாலும் அதே கும்பிடுதான். அதனால பகல் குளியலுக்குச் சீட்டு வாங்கிட்டு உள்ள வந்துட்டீங்க. ஆமா, படுக்கற மாடிக்கு உங்கள விடமாட்டாங்க, ஆனா குளிக்கற மாடிக்கு விடுவாங்க. எவளா இருந்தாலும் ஒரு தடவ இங்க வந்துதானே ஆகணும். பொந்துக்குள்ள குழாயா இருக்கு? நல்லா யோசிச்சிருக்கீங்கம்மா. எனக்கே தோணியிருக்காது.

வருவா வருவா. இந்நேரத்துக்குத்தான் வருவா. நீங்க எங்கயும் போகாதீங்க, நான் காட்டித் தர்றேன். எதுக்குத் தேங்க்ஸ் எல்லாம். எனக்கும் அவ போனா நிம்மதிதான். ராத்திரியில விசும்பறது கேக்குதும்மா, காதுல பஞ்சு வெச்சாலும் கேக்குது. நாள் பூரா நின்னுட்டு வர்றவ நான். கடை கடையாப் போயி காய் சீவற கத்தி விக்கிறேன். முள்ளங்கியத் தாள் மாதிரி சீவிக் காட்டணும், போறவ வர்றவளயெல்லாம் பேசியே நிக்க வைக்கணும். அப்படிக் கத்திட்டு வந்து படுத்தா, கீழ இவ ஒப்பாரி. எத்தன நாளைக்குத்தான் பொறுக்கறது?

வாங்க, தொட்டியிலயே கெடந்தா மயக்கம் வரும். முகம் செவந்துடுச்சு பாருங்க. இங்க வந்து ஸ்டூல்ல உக்காருங்க, முதுகு தேய்ச்சு விடறேன். வேண்டாங்காதீங்கம்மா. பெரியவங்க முதுகத் தேய்க்கக் குடுத்து வெச்சிருக்கணும். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியுது? பக்கத்துல உக்காந்தாக்கூட தண்ணி தெறிச்சிடுச்சுன்னு முறைக்கறாளுங்க. ஆ, அப்படி, நல்லா உக்காருங்க. கையில அந்த ரப்பர் வளையத்தக் கழட்டுங்க, லாக்கர் சாவியில சோப்பு போச்சுன்னா அப்புறம் திரும்பவே திரும்பாது. என் கிண்ணத்துல வைங்க, என்னோடதும் அதுலதான் கெடக்கு. கண்ணாடி போடலையா நீங்க? லாக்கர்லயே வெச்சுட்டீங்களா? சரிதான், இந்த ஆவியில போட்டாலும் ஒண்ணும் தெரியாது.

ஏய் சுமிரே, பால் குடிக்கவா போற? எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வையி. காப்பிப் பால். இந்தா, இதையும் எடுத்துட்டுப் போ. ம், போ போ, மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல. அவ என் சிநேகிதிம்மா. மதுக் கடையில வேலை, பகல் பூரா தூங்குவா. பேய் மாதிரி இருப்பா, வண்ணம் பூசிட்டா உங்க பையனே திரும்பிப் பாப்பான். சும்மா சொன்னேன், சும்மா சொன்னேன். இந்தாங்க, உங்க வளையம். மாட்டிக்குங்க. கண்ணாடி இல்லாம தடவறீங்களே, நானே மாட்டி விடறேன்.

மினோரி வந்த அன்னைக்கு நீங்க பாத்திருக்கணுமே. செருப்பக் கழட்டத் தெரியல. செருப்பு லாக்கர் முன்னாடி நின்னுட்டு, எந்தப் பொட்டியில வைக்கறதுன்னு தெரியாம முழிக்கறா. கனாயேதான் வாங்கி வெச்சா. அப்புறம் குளிக்க வந்தா பாருங்க, ஹோட்டல் குடுத்த அந்தப் பழுப்புச் சட்டையோடயே உள்ள வந்துட்டா! கழட்ட மாட்டேங்கறா. இங்க நாங்க அம்புட்டு பேரும் உரிச்ச கோழியாட்டம் உக்காந்திருக்கோம், இவ மட்டும் ராணி. சுமிரே கத்திட்டா, துணியோட தொட்டியில எறங்கினா தண்ணிய மாத்தச் சொல்லுவேன்னு. நானும் கூடச் சேந்து கத்தினேன். பின்ன? ஊரோட ஒரு முறை இருக்கில்ல?

அப்புறம் கழட்டினா.

நம்ம பழக்கம் தெரியுமில்ல, குளிக்கற எடத்துல அடுத்தவ உடம்பப் பாக்க மாட்டோம். பாத்தாலும் பாக்காத மாதிரி சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்போம். அன்னைக்கு எல்லாரும் சுவத்தப் பாத்தோம். அந்தச் சுவத்துல ஒரு மலை வரைஞ்சிருக்கே, அத நான் அவ்வளவு நல்லாப் பாத்ததே இல்ல. கன்னிப்போன காயம் தோள்பட்டையில ஒண்ணு, விலாவுல ஒண்ணு, தொடையில பெல்ட்டுக் கொக்கியோட அச்சு, அப்படியே கொக்கிதான், கடையில எந்தக் கொக்கின்னு கேட்டா எடுத்துக் குடுத்துடலாம். இதெல்லாம் நான் பாக்கலம்மா. சுவத்தத்தான் பாத்தேன்.

மறுநாள் ஒருத்தி புகார் குடுத்துட்டா. அத வெச்சுகிட்டு என்னால நிம்மதியா குளிக்க முடியலன்னு. அத-ன்னா மினோரிய. இங்க காசு குடுக்கறது ஒரு மணி நேரம் எல்லாத்தையும் மறக்கத்தான், இவ வந்து ஞாபகப்படுத்தறான்னு. மேனேஜரம்மா வந்து மினோரிகிட்ட, கூட்டம் இல்லாத நேரமாப் பாத்துக் குளிச்சா உங்களுக்கும் வசதியா இருக்குமேன்னு சிரிச்சுகிட்டே சொன்னா. உங்களுக்கும்! மினோரி அதுக்கும் மன்னிச்சுக்குங்கன்னுட்டா. அடிச்சவன விட்டுட்டு வந்தவ, அடிபட்டதுக்கு மன்னிப்பு கேக்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம், அவ மேலதான். ரெண்டு அறை விடலாமான்னு இருந்துச்சு. அப்பதான் உங்க பையன் நெனப்பு எனக்கும் கொஞ்சம் புரிஞ்சுது.

வலிக்குதா? மெதுவாத்தான் தேய்க்கறேன். வலது பக்கம் தொட வேண்டாமா? சரி.

அவ பேச மாட்டா. நான்தான் பேச வெச்சேன், தொழிலாச்சே. சோறு ஆறிப்போச்சாம், அதுக்கு ஒண்ணு. சூடா வெச்சா நாக்கு சுட்டுருச்சாம், அதுக்கு ஒண்ணு. பின்னாடியிருந்து வந்து முடியப் பிடிச்சுத்தான் ஆரம்பிப்பானாமே? ஒருதரம் அலமாரி பக்கம் திரும்பி நின்ன மினோரி தங்கச்சிய மினோரின்னு நெனச்சு இழுத்துட்டானாம், பாவம், விருந்துக்கு வந்தவ. அவன் கை முதல்ல வருது, கண்ணு அப்புறந்தான் வருது. அதெல்லாம் ஆம்பளைங்க சுபாவம், என்னம்மா? நீங்க அப்படித்தான் சொல்லுவீங்களாமே. சுபாவம், பொறுத்துக்கோன்னு. அப்புறம் எந்திரிச்சுப் போயி டிவி சத்தத்த ஏத்துவீங்களாமே. அக்கம்பக்கம் கேக்கக்கூடாதில்ல, பெரிய வீடு. சமையல் நிகழ்ச்சியா வெப்பீங்க? இல்ல, அவ சொன்னா. அடி விழும்போது அந்தப் பக்கம் யாரோ கத்தரிக்காய எண்ணெயில போடறது கேக்கும்னா. இப்பக்கூட எண்ணெய் சத்தம் கேட்டா காதப் பொத்திக்கறா. எங்க கடைத்தெருவுல பொரிக்காத கடை எங்க இருக்கு? பாவம், சுத்திச் சுத்திப் போவா.

இல்லம்மா, நான் உங்களக் குத்தம் சொல்லல. நீங்க என்ன பண்ணுவீங்க. திரும்பாதீங்க, நுரை கண்ணுல போயிடும்.

இது என்ன, வலது பக்கம்? இது பச்சையும் மஞ்சளுமா இருக்கே. கீழ ஒண்ணு இன்னும் ஊதாவாவே இருக்கு. விழுந்தீங்களா? தோட்டத்துலயா? ஏணியில இருந்து. ம். ஆரஞ்சு பறிக்கறப்ப. இப்ப எங்கம்மா ஆரஞ்சு? பறிச்சு முடிச்சிருப்பீங்களே. சரி, ஏணின்னா ஏணி. ஏணிக்கு அஞ்சு விரல் இருக்கு பாருங்க, இங்க, தோளுக்குக் கீழ. நல்ல ஏணி.

உங்க வீட்டுக்காரர் போயி ரொம்ப வருஷமாச்சுன்னு சொன்னா மினோரி. அப்ப இது அவரு இல்ல.

அட, அழறீங்களா? இப்ப எதுக்கு அழறீங்க? இருங்க, இருங்க, எனக்கு இப்பதான் விளங்குது. மினோரி இங்க வந்து ரெண்டு வாரம் இருக்கும். இதுவும் அவ்வளவுதான் இருக்கும். எனக்கு இதுல அனுபவம் உண்டும்மா, நிறத்தப் பாத்தே சொல்லுவேன், பழம் வாங்கற மாதிரி. அவ போன மறுநாளே ஆரம்பிச்சுட்டானா? இல்ல அன்னைக்கேவா? சோறு ஆறிப்போச்சுன்னா? இப்ப டிவி சத்தத்த யாரு ஏத்தறா?

ஐயோ, சிரிக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது. மன்னிச்சுக்குங்க. வந்துடுச்சு. நான் என்னமோ மருமக மேல ஆச, குடும்பம் சிதறிடக்கூடாதுன்னு தவிப்பு, அப்படின்னுல்ல நெனச்சேன். கண்ணுல தண்ணி வேற. உங்களுக்கு முதுகு வலிக்குது, அதுக்கு ஒரு முதுகு தேவப்படுது. அவ்வளவுதானே? ஆள் இல்லாம கஷ்டமா இருக்கு. வீட்டு வேலைக்கு ஆள் தேடற மாதிரி அடி வாங்க ஆள் தேடி ஒசாகா வரைக்கும் வந்திருக்கீங்க. அதுவும் அவன் வண்டியிலயே. வழியில உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தானா? நல்லாப் பேசினானா? கூட்டிட்டு வந்துட்டா இனிமே உன்னத் தொட மாட்டேம்மான்னு சொன்னானா?

சொன்னான், இல்ல? தலையாட்டறீங்க பாருங்க. நம்பறீங்க வேற.

தண்ணி ஊத்தறேன், கண்ண மூடிக்குங்க. இன்னொரு கிண்ணம். வாங்க, மறுபடியும் தொட்டிக்குப் போலாம், ஒத்தடம் மாதிரி இருக்கும். கையக் குடுங்க. ஆ, மெதுவா. இந்த எடத்துல உக்காருங்க, வெந்நீர் வாய் இங்கதான் இருக்கு. இது எல்லாருக்கும் கெடைக்காதும்மா. புதுசா வர்றவ இங்க உக்காந்தா நான் கிட்டயே போயி உக்காந்து தொடைய இடிப்பேன், தானா எந்திரிச்சுப் போயிடுவா. மினோரியையும் இடிச்சிருக்கேன். காயத்துலயே பட்டுச்சு, எந்திரிச்சு எனக்கு எடம் விட்டா அவ. அன்னைக்கு ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வரல. சரி, அத விடுங்க.

என்னடி சுமிரே, பால் எங்க? மறந்துட்டியா? கிட்ட வா. ம். ம். ரயில் நெலையத்துப் பக்கமா? நெசமாவா? கண்ணாடியக்கூட எறக்கலயா? அடப்பாவி. சரி, நீ போய் படு.

ஒண்ணுமில்லம்மா, கடைக் கதை.

மினோரி எப்ப வருவாளா? வரமாட்டா. அவ போயாச்சும்மா.

உக்காருங்க, இப்படிச் சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தி விழுவீங்க. நீங்க கீழ குனிஞ்சு செருப்பக் கழட்டறப்பவே அவ மாடிப்படியில இருந்து பாத்துட்டா. ஓடி வந்து, ஏணியில ஏறி, என் திரையத் தூக்கிட்டு என் பொந்துக்குள்ளயே புகுந்துட்டா. ஒரு ஆள் படுக்கற எடத்துல ரெண்டு பேரு, அவ பல்லு கடகடன்னு ஆடறது என் கழுத்துல கேக்குது. வாசல்ல அவன் இருப்பான், வாசல்ல அவன் இருப்பான், இதையே சொல்லிட்டிருக்கா. வேற வழி இல்ல இந்தக் கட்டடத்துக்கு, ஒரே வாசல்தான். நான்தான் சொன்னேன், இரு, நான் போயி கெழவி முதுகத் தேய்ச்சுட்டு வர்றேன்னு.

கையில இருக்கறது உங்க வளையம் இல்ல, என்னோடது. உங்களோடது சுமிரே கையில போச்சு. உங்க கோட்டு, உங்க தொப்பி, உங்க மாஸ்க்கு, எல்லாம் இப்ப மினோரி மேல. வளையத்தக் கவுண்டர்ல நீட்டினதும் கனாயே தலைய நிமுத்தாம செருப்புச் சாவியக் குடுத்துட்டா. மினோரி உங்க செருப்பயும் போட்டுகிட்டு, உங்க குடையையும் விரிச்சுகிட்டு, கொஞ்சம் கூனிக்கிட்டு நடந்தாளாம். அவன் வண்டி முன்னாடியேதான் போயிருக்கா. பெத்த அம்மா மழையில தனியா நடந்து போறா, எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேக்கலயாம்மா உங்க பையன். கண்ணாடியக்கூட எறக்கலயாம். போனப் பாத்துட்டிருந்தானாம்.

போனா? உங்க போனு கோட்டுப் பையிலயே போயிருச்சே. மத்தபடி நாங்க திருடிங்க இல்ல. உங்க பாவாட, சட்ட, கண்ணாடி, கைப்பை, எல்லாம் மடிச்சு என் கூடையில வெச்சிருக்கு. எண்ணிப் பாத்து எடுத்துக்குங்க.

கத்துங்க. நல்லாக் கத்துங்க. எல்லாரும் சுவத்தத்தான் பாப்பாளுங்க.

படுக்கையா? உங்களுக்கா? இங்கயா? இன்னைக்கு மட்டுமா? ஏம்மா, உங்களுக்கு வீடு இல்லையா, தோட்டம் இல்லையா, வெளிய பையன் இல்லையா? இல்ல, என்னால ஆகாது. ஹோட்டலப் பொறுத்தவரைக்கும் நீங்க வந்து குளிச்சுட்டு எப்பவோ கெளம்பிட்டீங்க. மினோரி பொந்தும் இல்ல, ஏதோ ஆட்டம் பாக்க வந்த சின்னப் பொண்ணுங்க எடுத்துட்டாளுங்க, சனிக்கிழமை ஆச்சே. என் பொந்துலயா? அவளுக்கே எடம் பத்தல.

கும்பிடாதீங்கம்மா. உடம்புல துணி இல்லாம கும்பிட்டா நல்லாவா இருக்கு. அவளும்தான் உங்களக் கும்பிட்டா, சமையக்கட்டுல, கால்ல விழுந்து.

செருப்பில்லாம எப்படிப் போறதுன்னு யோசிக்கறீங்க, அதானே? அதெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. இந்தாங்க, இது மினோரியோட சாவி வளையம், சுமிரே கொண்டாந்து குடுத்தா. கவுண்டர்ல குடுத்தா அவ செருப்பு வரும், உங்களுக்குச் சரியாத்தான் இருக்கும். கோட்டும் விட்டுட்டுப் போயிருக்கா, என் கூடையில மேலாக்க இருக்கு பாருங்க, அந்த நீலம். தலைக்குத் தொப்பி வெச்சுத் தெச்சது, இழுத்து விட்டுக்குங்க, மழை நிக்கல. வேற கோட்டா? என்கிட்டயா? என்னோடது ஒண்ணே ஒண்ணு, அத ஏன் நான் தரணும்?

ஆமா, அவன் வாங்கிக் குடுத்ததுதான். இந்த ஊர்ல அப்படி ஒரு நீலம் வேற எவகிட்டயும் இல்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்தே பளிச்சுனு தெரியும். காலையில இருந்து அதத்தானே தேடிட்டு உக்காந்திருக்கான் அவன். பின்னாடி வந்து முடியப் பிடிச்சப்புறம், நீங்க வாயத் தொறந்து நான் அம்மாடான்னு சொல்றதுக்குள்ள எத்தன விழும்னு எனக்குத் தெரியாதும்மா. மினோரிக்குத் தெரிஞ்சிருக்கும். கேக்கலாம்னா, அவ இந்நேரம் ரயில் ஏறியிருப்பா.